சத்தம் நின்றால் எழுந்துவிடுவார்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இந்த வீட்டில் இருக்கும் இரண்டு ஆண்பிள்ளைகளும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? மாமாவின் முழங்கால் வலி தேவலையா?

கடிதமா என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது. உங்கள் ஆய்வகத்துக்கு எதை அனுப்பினாலும் கைப்பட எழுதிய விவரம் கூடவே வர வேண்டும் என்று போனை எடுத்தவர் கறாராகச் சொல்லிவிட்டார். அதுவும் நல்லதுக்குத்தான். போனில் நாம் இரண்டு பேரும் நலம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடும். தாளில் சண்டை போட ஸ்டாம்பு ஒட்டியாக வேண்டும். ஒட்டுவதற்குள் கோபம் ஆறிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஷெட்டில் விற்பனைக்கு வளர்க்கும் சில்வண்டுகள் சாகின்றன. முதலில் குட்டிகள். பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகர்கின்றன, பிறகு மல்லாந்து விழுகின்றன, கால் மட்டும் கொஞ்ச நேரம் துடிக்கிறது. காலையில் தொட்டியைத் திறந்தால் அவை ஒளிந்துகொள்ள வைத்த கோழிமுட்டை அட்டைகளுக்கு நடுவே அள்ளும் அளவுக்குக் கிடக்கின்றன. பெரியவை அவ்வளவாகச் சாகவில்லை, ஆனால் சோர்ந்திருக்கின்றன.

என்னிடம் வாரா வாரம் வாங்குபவர் ஒருவர் உண்டு, பூங்காவில் பல்லி, ஓணான் வளர்க்கிறவர். எனக்கு அவர் பல்லிக்காரர்தான். அவர் நேற்று டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, உன் பூச்சி குதிக்கவே மாட்டேங்குது. அசையாததை என் பல்லிங்க திரும்பிக்கூடப் பாக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் பிழைப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அப்பா. காலமெல்லாம் துணை மின்நிலையத்தில், மின்மாற்றியின் ரீங்காரத்திலேயே உட்கார்ந்து பழகிய மனுஷன். ரீங்காரம் நின்றால் எங்கேயோ லைன் போய்விட்டது, ஓட வேண்டும் என்று உடம்பிலேயே ஊறிவிட்டது. எல்லாம் மறந்துபோனவருக்கு அது மட்டும் மறக்கவில்லை. வீடு அமைதியானால் எழுந்து டார்ச்சைத் தேடுவார். போன வருஷம் ஷெட்டை ஒட்டிய அறைக்குக் கட்டிலை மாற்றிய பிறகுதான், பூச்சிகளின் சத்தத்தை மின்மாற்றி என்று நம்பி அசந்து தூங்குகிறார். பூச்சிகள் போனால் எனக்குச் சாப்பாடு போகும், அவருக்குத் தூக்கம் போகும். அதனால் சீக்கிரம் பார்த்துச் சொல். செத்தவையும் உயிரோடு இருந்தவையும் ஸ்பிரிட்டில் போட்டுத் தனித்தனிக் குப்பியாக வைத்திருக்கிறேன்.

மாமாவை விசாரித்ததாகச் சொல். பூச்சி டப்பாவை வீட்டுக்கு எடுத்துப் போகாதே, அவர் கட்டிலின் மேல் ஏறி நின்றுகொள்வார்.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

கடிதமும் குப்பிகளும் உடையாமல் வந்து சேர்ந்தன. நாங்கள் நலம். மாமா மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இது ஒரு வைரஸ். பூச்சிகளை மட்டுமே பிடிக்கும் ஆர்.என்.ஏ. வைரஸ் குடும்பம் ஒன்று இருக்கிறது. தேனீயில் ஒருவர், எறும்பில் ஒருவர், பழ ஈயில் ஒருவர் என்று உறவுக்காரர்கள் ஊருக்கு ஒருவராகக் குடியிருக்கிறார்கள், நம் சித்தப்பா பெரியப்பா மாதிரி. உன் ஷெட்டுக்கு வந்திருப்பது சில்வண்டுக்குப் பக்கவாதம் கொண்டுவருவது. மனிதர்களை ஒன்றும் செய்யாது. பல்லிகளையும் செய்யாது.

எச்சம் வழியாகப் பரவும். செத்ததை மற்றது தின்பதால் பரவும். உன் கை, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், முட்டை அட்டை எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு போகும். சோப்புக்கு அசையாது. பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும்.

முக்கியமானது இதுதான். பெரிய பூச்சிகள் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். பார்க்க நன்றாக இருக்கும், சாப்பிடும், கத்தும், முட்டையும் இடும். ஆனால் உள்ளே வைரஸ் இருக்கும். அதனால் நன்றாக இருப்பதை மட்டும் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. எல்லாவற்றையும் அழித்துவிடு. ஒன்றுகூட மிச்சம் வைக்காதே. அட்டை, முட்டையிட வைக்கும் மணல் தட்டு, தொட்டி, எதுவும் வேண்டாம். ஷெட்டைக் கழுவிக் காய விடு. நான் சோதித்த முட்டைகளை அதற்குப் பிறகு அனுப்புகிறேன்.

நேரில் வந்து உதவ முடியாது. நாள் முழுக்க இதே வைரஸ்களோடு இருக்கிறேன். இங்கே வேலை செய்கிறவர்கள் பூச்சி வளர்க்கும் இடங்களுக்குப் போகக் கூடாது என்பது ஆய்வகத்தின் விதி. உனக்கே தெரியும்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம்தானே?

சொன்னபடி செய்துவிட்டேன். ஷெட்டுக்குப் பின்னால் பழைய டிரம்மை வைத்து அட்டைகளை எரித்தேன். பூச்சிகளை முதலில் பக்கத்துப் பனிக்கட்டிக் கடைக்காரரின் பெட்டியில் உறைய வைத்து, பிறகுதான் டிரம்மில் போட்டேன். உயிரோடு போட மனசு வரவில்லை. கடைக்காரர் பெட்டிக்குள் என்ன என்று கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. பிளீச்சிங் நாற்றம் என் தலையணை வரைக்கும் வந்துவிட்டது.

ஷெட்டுக்குள் நின்றால் என் மூச்சு எனக்கே கேட்கிறது. இத்தனை நாள் சத்தத்தைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தவன், இப்போது வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

பல்லிக்காரர் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறார். "ரெடியானதும் சொல்லு, வரேன். ஆனா மறுபடி இப்படி ஆச்சுன்னா நமக்குள்ள ஒத்துவராது" என்றார். நல்ல மனுஷன்தான். அவருக்கும் பல்லிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெற்ற அப்பாவுக்கு ஆபீஸ் கடிதம் மாதிரி வணக்கம் சொல்லி அனுப்புகிற பெண் உலகத்திலேயே நீ ஒருத்திதான். சொன்னேன். "யாரு, மேடமா?" என்றார். எந்த மேடம் என்று கேட்டதற்குச் சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். உனக்கு ஏதாவது புரிகிறதா?

அப்பா நன்றாகத் தூங்குகிறார். கவலை வேண்டாம்.

முட்டை எப்போது அனுப்புவாய் என்று எழுது.

தம்பி


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. முட்டைப் பெட்டி மட்டும் வந்தது, உள்ளே அச்சடித்த செய்முறைத் தாள் ஒன்று. ஒரு வரி கையால் எழுதியிருந்தால் முட்டை கெட்டுப்போயிருக்குமா?

சரி, நல்ல செய்தியைச் சொல்கிறேன். எல்லாம் பொரித்து, வளர்ந்து, இந்த வாரம் ஆண் பூச்சிகள் ரெக்கையை உரசிக் கத்தத் தொடங்கிவிட்டன. முதலில் ஒரு தொட்டியிலிருந்து ஒன்று மட்டும், ஏதோ மேடையில் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. இப்போது ஷெட்டே காதைப் பிளக்கிறது. பல்லிக்காரர் முதல் டப்பாவைக் குலுக்கிப் பார்த்து, "ம், குதிக்குது" என்றார். அவர் வாயிலிருந்து வரும் பெரிய பாராட்டு அதுதான்.

அப்பா இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார். காலையில் சுவரில் கை வைத்துப் பார்க்கிறார். மின்மாற்றி சூடாகிறதா என்று பார்க்கிறார் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொள்கிறார்.

ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன். ஷெட்டுப் பக்கம் வர வேண்டாம், முன்வாசல் வழியாக அப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடு. அதற்குக்கூட விதி இருக்கிறதா?

மாமாவுக்கு என் அன்பு.

தம்பி


ஜூன் 13

அக்காவுக்கு,

அப்பா நலம். நான் நலமில்லை, ஆனால் அது உடம்புக்கு வந்ததில்லை.

மறுபடியும் அதேதான். மூன்றாவது தொட்டியில் தொடங்கியது. பின்னங்காலை இழுக்கின்றன. இந்தத் தடவை பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ சோதித்து அனுப்பிய முட்டைதானே? நீ சொன்ன கரைசல், நீ சொன்ன அளவு. எரிக்கச் சொன்னாய், எரித்தேன். உன் பேச்சைக் கேட்டுத்தான் எல்லாம் செய்தேன். இப்போது யாரைப் போய்க் கேட்பது? பல்லிக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. இன்னொரு தடவை திருப்பிக் கொடுத்தால் அவர் இந்தத் தெருவுக்கே வரமாட்டார்.

குப்பிகள் இதோடு இருக்கின்றன. உன் முட்டையில்தான் கோளாறு என்றால் நேர்மையாக எழுது.

தம்பி


ஜூன் 27

தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தில் கோபம் இருந்தது, அது நியாயம்தான்.

முட்டையில் கோளாறில்லை. அதே முட்டைகளிலிருந்து பொரித்தவை இங்கே எங்கள் பூச்சி அறையிலும் வளர்கின்றன. சுத்தமாக இருக்கின்றன.

இந்த வைரஸ் தன்னை நகல் எடுக்கும்போதெல்லாம் அங்கங்கே தப்பு விடும். அந்தத் தப்புகளை வரிசையாகப் படித்தால் எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். வெளியிலிருந்து புதிதாக ஒன்று வந்திருந்தால் வேறு மாதிரி இருக்கும். இந்த முறை வந்த குப்பிகளில் இருப்பது பிப்ரவரியில் நீ அனுப்பியதன் நேர் வாரிசு. இடையில் அது எங்கேயோ உயிருள்ள பூச்சிகளுக்குள் இருந்து பெருகியிருக்கிறது. காலி ஷெட்டில் அப்படிப் பெருக முடியாது. உன் வளாகத்துக்குள் எங்கோ சில்வண்டுகள் இருந்திருக்கின்றன, இப்போதும் இருக்கின்றன.

உன் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். மார்ச் மாதம் ஷெட்டுக்குள் உன் மூச்சு உனக்கே கேட்டது என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில் அப்பா நன்றாகத் தூங்குகிறார் என்றும் எழுதியிருக்கிறாய்.

அது எப்படி?

உடம்பைப் பார்த்துக்கொள். பட்டினி கிடக்காதே.

அக்கா


ஜூலை 4

அக்காவுக்கு,

நலம். ஒரு குப்பி அனுப்பியிருக்கிறேன். மேலே எழுதியிருக்கிறேன், "அப்பா ரூம்" என்று.

தம்பி


ஜூலை 12

தம்பிக்கு,

நாங்கள் நலம். அப்பா எப்படி இருக்கிறார்?

அந்தக் குப்பியில் இருந்த எல்லாப் பூச்சிகளிலும் வைரஸ் இருக்கிறது. நிறையவே இருக்கிறது. ஷெட்டுக்குப் போனது அங்கிருந்துதான்.

அப்பா அறையில் நீ பூச்சிகளை வைத்திருக்கும் பெட்டி அங்கே இருக்கும் வரை நீ எத்தனை முறை எரித்தாலும் கழுவினாலும் இது திரும்பி வரும். உனக்கு ஷெட் வேண்டுமென்றால் பெட்டி போயாக வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். நீங்களும் அப்படியே இருங்கள்.

வேறு வழி தெரியவில்லை என்று இரண்டே வரியில் எழுதிவிட்டாய். எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் நான் பார்த்த கதையை நீ கேட்க வேண்டாமா?

மார்ச்சில் எல்லாவற்றையும் அழித்த அன்றைக்கு அப்பா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். "லைன் போச்சு. எல்லாரும் இருட்டுல இருக்காங்க" என்றார். நான் பிடித்து உட்கார வைத்தேன். கண்ணசந்த நேரத்தில் போய் மெயின் சுவிட்சுப் பலகையின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெறும் கையோடு. பிடித்து இழுத்து வந்து படுக்க வைத்தேன்.

சத்தத்தைப் போனில் பதிவு செய்து ஓட விட்டேன். பதிவு முடிந்து மறுபடி தொடங்கும்போது ஒரு இம்மி இடைவெளி வரும். உனக்கும் எனக்கும் கேட்கவே கேட்காது. அவர் அந்த இடத்தில் சரியாக எழுந்து உட்கார்ந்து, "லைன் டிரிப் ஆகி வந்துச்சு பாத்தியா?" என்பார். மின்விசிறியை வேகமாக வைத்தேன். "அது ஃபேனுடா, எனக்குத் தெரியாதா?" என்றார். என் பெயர் சில நாள் மறந்துபோகிறவருக்கு ஃபேன் எது, மின்மாற்றி எது என்று தெரிகிறது.

அதனால் உறைய வைக்காமல் ஒரு பெட்டி பூச்சியை மட்டும் அவர் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். பெரிய பூச்சிகள்தான், நன்றாக இருந்தவை. அன்றைக்கே தூங்கிவிட்டார். குட்டிகள் பொரித்துச் சில செத்தன, சில பிழைத்தன. கால் விழுந்த பூச்சிகூட ரெக்கையை உரசிக் கத்தியது, அக்கா. படுத்துக்கொண்டே கத்தியது. எப்படித் தூக்கிப் போடுவேன்? தினமும் ஒரே கேரட்டை நறுக்கி அங்கே பாதி, ஷெட்டில் பாதி. ஒரே தண்ணீர் பாட்டில். நீ எழுதியதை மறந்து செய்யவில்லை. ஒரு பெட்டிதானே என்று நினைத்தேன்.

உன்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே தூக்கிப் போடு என்று எழுதியிருப்பாய். அதனால் சொல்லவில்லை.

இப்போது உன் முறை. பிளீச்சிங் கொண்டுவந்த உங்கள் ஆய்வக வண்டி டிரைவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். பேச்சுவாக்கில், பூச்சிப் பண்ணைக்கு வரக்கூடாது என்ற விதி உங்களுக்குக் கஷ்டம்தான் இல்லையா என்றேன். அவர் சிரித்தார். "அப்படியெல்லாம் இல்ல சார். குளிச்சு, துணி மாத்தி, ரெண்டு நாள் விட்டுட்டா எங்க வேணாலும் போலாம். மேடம் போன மாசம்கூடத் தேனீப் பண்ணைக்குப் போயிட்டு வந்தாங்களே."

தேனீக்களைப் பார்க்கப் போகிறாய். யாருக்குக் காது குத்துகிறாய் அக்கா? அப்பாவைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போ. வைரஸ் மேல் ஏன் பழியைப் போடுகிறாய்?

நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஷெட்டை மூடிவிடப் போகிறேன். பெட்டி இருக்கட்டும். எனக்கு வேறு ஏதாவது வேலை கிடைக்கும். பல்லிக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் காலி டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டு, "அப்பா நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிப் போய்விட்டார்.

மாமாவை மட்டும் விசாரித்ததாகச் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 18

தம்பிக்கு,

தாமதமாக எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மாமாவும் நலம். உனக்கு எழுதும் முன்பு சில வேலைகளை முடிக்க வேண்டியிருந்தது.

டிரைவர் சொன்னது உண்மை. அப்படி ஒரு விதி இல்லை.

போன வருஷம் நான் வந்தபோது நீ ஷெட்டில் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தாய். நான் நேராக அப்பாவின் அறைக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டு, "உக்காருங்க மேடம். மீட்டர் ரீடிங் எல்லாம் எழுதி வச்சிருக்கேன்" என்றார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார். நான் உட்காரும் வரை அவர் உட்காரவில்லை. நான் உங்க பொண்ணுப்பா என்றேன். அவர் மரியாதையாகச் சிரித்தார். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா மேடம். பூச்சியைப் பத்திப் படிச்சிருக்கா. பெரிய வேலை. வந்து பாக்கத்தான் நேரமில்ல, பாவம்" என்றார்.

எனக்கு வலித்தது. உன்னிடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்குப் பிறகு கிளம்பும்போதெல்லாம் அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. உன்னை அவருக்குத் தெரிகிறது, என்னைத் தெரியவில்லை. கூடவே இருந்தவனைத் தெரிவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதை ஏற்றுக்கொள்வதைவிட வைரஸ் மேல் பழியைப் போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி உன் வீட்டில் இருக்க முடியாது, அப்பா அந்தப் பெட்டி இல்லாமல் இருக்க முடியாது. அப்படியென்றால் இரண்டும் சேர்ந்தே வெளியே வர வேண்டும். என் வீட்டில் ஷெட் இல்லை. தொற்றுவதற்கு இங்கே ஒரு பூச்சியும் கிடையாது. அப்பாவையும் பெட்டியையும் இங்கே கொண்டுவா.

பின்பக்க அறையைக் காலி செய்துவிட்டேன். மெயின் சுவிட்சுப் பலகைக்குக் கதவு வைத்துப் பூட்டுப் போட்டாயிற்று. மாமாவிடம் கேட்டேன். "பூச்சியா, வீட்டுக்குள்ளயா?" என்று காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். பிறகு, "மூடி டைட்டா இருக்கும்ல?" என்று கேட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வைரஸ் உள்ள பெட்டி வீட்டில் இருந்தால், ஆய்வகத்தில் சுத்தமான பூச்சிகள் வளரும் அறைக்குள் நான் போக முடியாது. அந்த அறையை நான்தான் தொடங்கினேன், உனக்குத் தெரியும். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி எனக்குக் கம்ப்யூட்டரில் வைரஸ்களைப் படிக்கும் வேலை மட்டும்தான். அதுவும் வேலைதான்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள். இத்தனை நாள் நான் பொய்யாகச் சொன்ன விதி இனிமேல் நிஜம். நான் உன் ஷெட்டுப் பக்கம் வர முடியாது. நீ அப்பாவைப் பார்க்க வந்தால் இங்கே குளித்து, வேறு துணி மாற்றித்தான் கிளம்ப வேண்டும், அதற்குப் பிறகும் இரண்டு நாள் ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. தண்ணீர் காட்டாமல் இரண்டு நாள் விட்டால் குட்டிகள் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஆள் வைத்தால்தான் வர முடியும். நினைத்த நேரத்தில் அப்பாவைப் பார்ப்பது இனி நடக்காது. யோசித்து முடிவு செய்.

அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அங்கே மூன்று பேரும் சுகமா? மூன்று பேர் என்று எழுதும்போது கை ஒரு நிமிஷம் நின்றது.

ஷெட் மறுபடி ஓடுகிறது. இந்தத் தடவை அட்டை மட்டுமில்லை, அப்பா அறையின் பழைய பாய், திரை எல்லாவற்றையும் எரித்தேன். புது முட்டைகளின் முதல் தொகுப்பு குட்டிப் பருவத்தைத் தாண்டிவிட்டது, ஒன்றுகூடக் காலை இழுக்கவில்லை. குப்பிகள் அனுப்பியிருக்கிறேன். பல்லிக்காரர் வந்தார். டப்பாவைக் குலுக்கிப் பார்க்காமலேயே எடுத்துக்கொண்டு போனார். அப்பாவை எங்கே காணோம் என்று கேட்டார், சொன்னேன். "நல்ல காரியம்" என்றார். எனக்கு அதைக் கேட்டதும் எரிச்சலாக இருந்தது. காரணம் தெரியவில்லை.

அப்பாவையும் பெட்டியையும் அங்கே கொண்டுவந்து விட்ட அன்றைக்கு அவசரத்தில் சொல்லாமல் விட்டவை. டீ ஆறித்தான் குடிப்பார், சூடாகக் கொடுத்தால் கப்பை ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துவிடுவார். டார்ச்சில் எப்போதும் பேட்டரி இருக்கட்டும். எரியவில்லை என்றால் பதறுவார், எரிந்தால் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். சட்டைப் பையில் பேனா வேண்டும். மூடி இல்லாத பேனாவாக இருந்தாலும் பரவாயில்லை. பெட்டிக்குக் கேரட்டை மெல்லிசாக நறுக்கிப் போடு, மணல் தட்டு காயக் கூடாது. கத்துவது குறைந்தால் எழுது. உன் வீட்டுக் குளிருக்கு ஒரு பல்பு போட்டு வைத்தால் கத்தும்.

நான் அவர் அறையில்தான் இப்போது படுக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஷெட் முழுக்கச் சத்தம். அந்தச் சத்தத்தில் அவர் எப்படித்தான் தூங்கினாரோ, எனக்குத் தூக்கமே வரவில்லை.

என்னைக் கேட்கிறாரா? கேட்கிறார் என்றால் எழுதாதே. கேட்கவில்லை என்றாலும் எழுதாதே.

தம்பி


நவம்பர் 16

தம்பிக்கு,

மூன்று பேரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. தூக்கம் வராவிட்டால் முன்னறையில் போய்ப் படு. ஷெட்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

குப்பிகள் சுத்தம். எல்லாமே. இரண்டு முறை பார்த்தேன். உன் ஷெட்டில் வைரஸ் இல்லை.

அப்பாவுக்கு எடை கொஞ்சம் கூடியிருக்கிறது. பேனா, டார்ச் இரண்டும் வாங்கிக் கொடுத்தாயிற்று. பல்பு போட்ட பிறகு பெட்டி நன்றாகக் கத்துகிறது. கேரட் நறுக்குவது மாமா. முதலில் தள்ளி நின்று எறிந்துகொண்டிருந்தார். இப்போது மூடியைத் தானே திறக்கிறார். கால் விழுந்த பூச்சி ஒன்றைத் தனியாகத் தட்டில் வைத்து அதற்குக் கேரட்டைத் துருவிக் கொடுக்கிறார். ஏன் என்று கேட்டேன். "அதுக்கும் என்னை மாதிரி கால்வலிதானே" என்றார்.

என்னை இதுவரை அப்பாவுக்குத் தெரியவில்லை. தினமும் வேலையிலிருந்து வந்ததும் அவர் அறைக்குப் போகிறேன். எழுந்து நிற்கிறார். நான் முதலில் உட்கார்ந்துவிடுகிறேன், அப்போதுதான் அவரும் உட்காருவார். ரீடிங் சொல்கிறார். நான் எழுதிக்கொள்கிறேன்.

நீ எழுதாதே என்றாய். ஆனாலும் எழுதுகிறேன்.

உன்னை அவர் கேட்பதே இல்லை. ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. நேற்று முன்தினம் ரீடிங் முடிந்ததும் நானே கேட்டேன், உங்க பையன் எங்கே சார் என்று. அவர் என்னைப் பார்த்தார், இது தெரியாதா என்பதுபோல. கட்டிலுக்குக் கீழே கையைக் காட்டினார்.

"கேக்குதுல்ல மேடம்? அவன் ஷெட்ல இருக்கான். வேலை நேரம், கூப்பிடாதீங்க" என்றார். பிறகு, "சத்தம் சரியா இருக்கு. நான் பாத்துக்கறேன், நீங்க போய்ப் படுங்க" என்றார்.

நான் போய்ப் படுத்தேன்.

உன் அளவுக்கு ஒரு சட்டையும் கால்சட்டையும் வாங்கி வாசல் பக்கக் குளியலறையில் மாட்டி வைத்திருக்கிறேன். இரண்டு நாள் ஷெட்டுக்குத் தண்ணீர் காட்டப் பல்லிக்காரரைக் கேட்டுப் பார். மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

அக்கா